அமெரிக்க அம்மாவுக்கு வைத்த பொட்டு

அமெரிக்காவின் தேசபக்திக்காக நான் ஒன்பது வருடம் உழைத்திருக்கிறேன். வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பனியன் பிரிண்டிங் கம்பெனி ஒன்றில் நின்றுகொண்டே உழைத்தேன். உட்கார நாற்காலி தர மாட்டார்கள். தேசபக்தியை நின்றுகொண்டுதான் காட்ட வேண்டும் என்பது தியேட்டருக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

என் வேலை செக்கிங். பிரிண்ட் ஆகி வரும் பனியனை மேஜையில் விரித்து, பக்கத்தில் இருக்கும் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சரியாக இருந்தால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். சாம்பிள் என்றால் சாதாரணப் பனியன் அல்ல. வாங்குகிற கம்பெனியின் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொடுப்பது. எங்கள் இடத்தில் கடவுளுக்கு அடுத்தது அதுதான், சில நாட்களில் கடவுளுக்கும் முன்னால். சாம்பிளில் எழுத்துப் பிழை இருந்தால் எல்லாப் பனியனிலும் அந்தப் பிழை இருந்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிடுவார், "படிச்சுப் பாக்காதம்மா, ஒத்துப் பாரு." புதிதாக வந்தவர்கள் ஆறு மாதம் வரை சாம்பிளில் கையே வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒன்பது வருடமும் நான் கான்ட்ராக்ட்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கழுத்தில் மஞ்சள் நாடா, பர்மனன்ட் ஆட்களுக்கு நீல நாடா. நீல நாடாக்காரர்களுக்குக் கவரைப்பேட்டை வரை கம்பெனி பஸ் உண்டு. மஞ்சள் நாடா அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும். அவர்களை "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட முடியாது. எங்களை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை என்று காலம் தள்ளியவர்கள். அவர்கள் பெண்ணுக்கு யாராலும் போ என்று சொல்ல முடியாத ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அந்த நீல நாடாவுக்காக நான் சூப்பர்வைசரின் மொக்கை ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் டயர் கடையில் வேலை செய்கிறார். அது சோற்றுக்கு. உயிருக்கு, ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் கிளைச் செயலாளர். இருபது வருடமாக ஒரு கட்சியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் பார்த்தால் வண்டியில் அதே கட்சியின் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாயா இது?" என்றேன்.

"அவரு சொல்ட்டாரு."

"நேத்து வரைக்கும் திருட்டுப் பசங்கன்னு சொல்லிகினு இருந்தியே."

"அவரு சும்மா சொல்வாரா? நாட்டுக்கு நல்லதுன்னு தெரிஞ்சுதான் சொல்லியிருப்பாரு."

நாட்டைப் பற்றி அந்த நடிகருக்கு அன்று மதியம் வரை எந்தக் கவலையும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் இரண்டு நாள் நாஷ்டா சாப்பிடாமல் கடைக்குப் போவார். நம் ஜனங்களுக்கு மட்டும்தான் இந்த வியாதி, படித்த நாட்டில் எல்லாம் இப்படி இருக்காது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. படித்த நாட்டிலிருந்து ஆர்டர் வந்தது.

அங்கே தேர்தல் நெருங்கியிருந்தது. அவர்கள் கட்சிகளில் ஒன்றுக்கு யானை சின்னம், இன்னொன்றுக்குக் கழுதை. கழுதைக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போகிற தைரியம் நம்மூரில் எந்த வேட்பாளருக்கும் வராது. அந்த விஷயத்தில் மட்டும் அமெரிக்காவை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆர்டர் இரண்டு டிசைன். முதல் பனியனில் அவர்கள் கொடி, கொடிக்கு முன்னால் வயதான ஒரு நடிகையின் முகம், கீழே "நான் என் நாட்டை நேசிக்கிறேன்" என்று இங்கிலீஷில் ஒரு வரி. டிவியில் நீதிபதி வேஷம் போட்டுப் பேர் வாங்கிய அம்மாவாம். வெள்ளை முடி, கண்டிப்பான கண்கள். அந்த அம்மா கழுதைக்கு ஆதரவு என்று அறிவித்ததும் பனியன் பறக்க ஆரம்பித்திருந்தது. இரண்டாவது பனியனில் அதே கொடி, கொடிக்கு முன்னால் தாடி வைத்த ஒரு சண்டைப்பட நடிகர், கீழே அதே வரி. அவர் யானைக்கு ஆதரவு. கொடி ஒன்று, வாசகம் ஒன்று, மூஞ்சி மட்டும் வேறு. யாருடைய நேசம் உண்மையான நேசம் என்பதுதான் அங்கே சண்டையாம். இரண்டையும் ஆர்டர் செய்ததும் ஒரே கடைதான். கழுத்து லேபிளில் இந்தியா என்று இருந்தது. அந்த லேபிளை லேசாக இழுத்தாலே வந்துவிடுகிற மாதிரி தைக்கச் சொல்லியிருந்தார்கள், இரண்டு நேசத்துக்கும்.

கழுதை மேஜை எனக்கு. யானை மேஜை என் பக்கத்துத் தோழிக்கு. அவள் கும்மிடிப்பூண்டியிலேயே சர்ச் தெருவில் இருக்கிறாள், மிஷன் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் நன்றாக வரும். காலை முதல் மாலை வரை நான் ஒரு தேசபக்தியைப் பாஸ் செய்வேன், அவள் அதற்கு எதிரான தேசபக்தியைப் பாஸ் செய்வாள், மதியம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிடுவோம்.

சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "இந்த ஆர்டர் நல்லபடியா முடியட்டும்மா. ஆபீஸ்ல உன் பேரு எழுதிக் குடுத்துக்கினு இருக்கேன். பர்மனன்ட் வந்துரும்." அவர் சொல்லி நான் கேட்பது மூன்றாவது முறை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் நீலத்துக்குப் பொருத்தமான புடவை எது இருக்கிறது என்று பீரோவைத் திறந்து பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆர்டர் நடுவிலேயே ஆயுதபூஜை வந்தது. அந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. மெஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வாங்கி, பொரியும் சுண்டலும் வைத்தோம். சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை எப்போதும் என்னுடையது. "எல்லாத்துக்கும் வைம்மா, ஒண்ணு விடாத" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நானும் விடவில்லை. மெஷினுக்கு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு வைத்தேன், மை டப்பாவுக்கு, வருகைப் பதிவு மெஷினுக்கு, தீயணைக்கும் சிலிண்டருக்கு வைத்தேன். என் மேஜைக்கு வந்தேன். என் ஆயுதம் என்ன? சாம்பிள். உறையிலிருந்து எடுத்து விரித்தேன். ஒரு பெண்ணின் முகம். முகம் இருந்தால் எங்கே வைப்பது என்று யோசிக்கவா வேண்டும்? இரண்டு புருவத்துக்கும் நடுவில் சந்தனம் தொட்டு, அதன் மேல் வட்டமாகக் குங்குமம் வைத்தேன். அந்த அம்மா பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தார். நீதிபதிக் கண்டிப்பு கொஞ்சம் குறைந்து, நம் வீட்டு விசேஷத்துக்கு வந்த பெரியம்மா ஆகிவிட்டார்.

என் தோழி பொரி சுண்டல் மட்டும் வாங்கிக்கொண்டு, தன் சாம்பிளை உறையோடு இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். தாடிக்கார நடிகர் தப்பித்தது இப்படித்தான்.

லீவு முடிந்து போனபோது சந்தனம் உதிர்ந்துவிட்டிருந்தது. குங்குமம் துணியில் ஊறி, பிரிண்ட் அடித்தது போலவே நின்றுவிட்டது. நான் சாம்பிளை உறையில் போட்டு மேஜையில் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து என் டிசைனுக்கான சிவப்பு ஸ்கிரீன் கிழிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் மை இறங்கும் வலைபோல ஒரு ஸ்கிரீன் உண்டு. சிவப்பு, கொடியின் கோடுகளுக்கும் அந்த அம்மாவின் உதட்டுக்கும். புது ஸ்கிரீன் போட, கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர் சாம்பிளை வாங்கிக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் படத்தில் பொட்டு இல்லை, சாம்பிளில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கடைசி நிமிடத்தில் எதையாவது மாற்றுவது வாராவாரம் நடப்பதுதான். சாம்பிள்தான் சட்டம். அவர் யாரையும் கேட்காமல் பொட்டைச் சேர்த்துவிட்டார்.

பிரிண்ட் ஆகி வந்தது. நான் பார்த்தேன். ஒவ்வொன்றாக, விரித்து, ஒத்துப் பார்த்தேன். ஐம்பது நட்சத்திரம் இருக்கிறதா, இருக்கிறது. கோடு கலங்கவில்லையே, இல்லை. முகம் சரியா, சரி. அது நான் வைத்த பொட்டு என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. காரணம் கேட்டால் இதுதான்: நான் வாழ்நாள் முழுவதும் பார்த்த பெண்களின் முகத்தில் பொட்டு இருந்தது. அது இருந்தால் என் கண்ணில் படாது. இல்லாமல் இருந்தால்தான் படும். பட்டது. இரண்டு பனியனில் பொட்டு விழவே இல்லை. அந்த இரண்டையும் ரிஜெக்ட் செய்து, "பொட்டு இல்லை" என்று சீட்டெழுதிக் குத்தி அனுப்பினேன். அப்படி ஒரு கடமை உணர்ச்சி எனக்கு.

மொத்த லாட்டும் விமானத்தில் ஏறிப் போனது.

பத்து நாளில் ஏஜென்ட்டின் மெயில் வந்தது, போட்டோவோடு. எங்கள் கொடியின் முன்னால், எங்கள் நாட்டின் மதிப்புக்குரிய ஒரு நடிகையின் நெற்றியில், இந்தச் சிவப்புப் புள்ளி என்ன? இது துப்பாக்கிக் குறியா? மிரட்டலா? யார் செய்தது? பெயர் வேண்டும். மானேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. துப்பாக்கிக் குறி என்று அவர் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் என் கணக்கில் சேர்ந்தது.

"சாம்பிளை உறையிலிருந்து எடுத்தது யாரு?" என்றார் மானேஜர்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வை, ஒன்று விடாதே என்று சொன்ன வாய் அங்கேதான் இருந்தது. அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான்தான் சார்" என்றேன்.

கம்ப்யூட்டர்காரர் நீல நாடா, அவர் சட்டப்படிதான் செய்தார். சூப்பர்வைசர் நீல நாடா, அவருக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் இருந்த ஒரே மஞ்சள் நாடா நான். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றார்கள்.

விளக்கக் கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் எழுதினார். மன்ற நோட்டீஸ் எழுதிப் பழகிய கை. "பேரன்புகொண்ட பெருமக்களே" என்று ஆரம்பித்திருந்தார். கிழித்துப் போட்டு நானே நாலு வரி எழுதினேன்.

கவரைப்பேட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எனக்கு நரகம். காலையில் ஏழரைக்கு நீல நாடா பஸ் ஹாரன் அடிக்கும். கை தானாகச் சாப்பாட்டு டப்பாவைத் தேடும். என்னையும் போ என்று சொல்லிவிட்டார்கள். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் அம்மாவை வயலிலிருந்து பாதி நாளில் அனுப்பிவிட்ட ஒருநாள், வீட்டுக்கு வந்து எங்களிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். நானும் பக்கத்து வீட்டில் தலைவலி என்றுதான் சொல்லியிருந்தேன்.

"பெரியபாளையம் போய் வரலாம், பவானியம்மன் ஒரு வழி காட்டும்" என்றார் வீட்டுக்காரர். பொட்டு வைத்துதான் இந்தப் பேஜாரே, இன்னும் பொட்டு வைத்துக்கொள்ள அங்கே வேறு போக வேண்டுமா என்று கத்திவிட்டேன். பிறகு போனேன். அவள் நெற்றியில் அவ்வளவு பெரிய குங்குமம். அமெரிக்காவில் அதை என்னவென்று சொல்வார்களோ.

ஒரு மதியம் தோழி போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"யக்கா, அந்த அம்மா பேசிச்சுக்கா."

"எந்த அம்மா?"

"உன் அம்மாதான்க்கா. அமெரிக்கா அம்மா. நம்ம பனியனையே போட்டுக்கினு பேசுது."

வீடியோவை அனுப்பினாள், பிறகு வரி வரியாகத் தமிழில் சொன்னாள். இந்தப் பொட்டை வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கு நன்றி. எங்கிருந்து வந்தவர்களையும் தன் முகமாக ஏற்றுக்கொள்வதுதான் என் நாடு. அதுதான் என் தேசபக்தி என்றாராம் அந்த அம்மா. உடனே தாடிக்காரரும் பேசினார். என் கொடிக்கு முன்னால் வெளியூர்ப் புள்ளி எதற்கு, என் நாட்டை நேசிக்க எனக்கு நெற்றியில் அடையாளம் தேவையில்லை, இதுதான் என் தேசபக்தி என்றார். அவ்வளவுதான். அங்கே ஒரு கூட்டம் நெற்றியில் பொட்டோடு ஊர்வலம் போனதாம், இன்னொரு கூட்டம் கொடியை மட்டும் பிடித்துக்கொண்டு எதிரே நின்றதாம். தீயணைக்கும் சிலிண்டருக்கு வைத்து மிச்சமான குங்குமத்தில் இவ்வளவு நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"பாத்தியா, ஒரு ஸ்டார் வாயத் தொறந்தா இன்னா நடக்குதுன்னு" என்றார் வீட்டுக்காரர். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா நன்றி சொல்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனுஷி நன்றி சொல்லிவிட்டார், இனிமேல் என்னை எப்படி விடுவார்கள், பர்மனன்ட் நிச்சயம் என்று நம்பினேன். அவர் சும்மா சொல்வாரா? இருபது வருடம் என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்த நான், நேரில் பார்த்தே இராத ஒரு நடிகைக்குக் கிளைச் செயலாளர் ஆகிவிட்டேன்.

மறுநாளே கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கழுதைப் பனியன், பொட்டோடு, அவசர ஆர்டர். யானைப் பக்கத்துக்கும் அவசர ஆர்டர், அதே அம்மாவின் முகம், பொட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு. ஆர்டர் கொடுத்தது அதே கடை.

பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். கேட்டில் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது அட்டை கொடுத்தார்கள். மஞ்சள் நாடா. சரி, நீலம் ஆபீஸில் தருவார்கள்போல என்று நினைத்துக்கொண்டே அட்டையைத் திருப்பினேன். சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது.

"இன்னா சார் இது, ஒம்போது வருசம்?"

"நடுவுல நின்னுட்டீங்க இல்ல. நின்னா புதுசாதான் சேக்கணும். ரூல்" என்றார் ஆபீஸ்காரர். நான் நிற்கவில்லை, நிறுத்தினார்கள் என்றேன். அதற்கும் ரூல் ஒன்றுதான் என்றார். என் ஒன்பது வருடம் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் கரைந்துபோயிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் காட்டக் கூடாது என்று என் மேஜைக்குப் போய் நின்றேன். அங்கே தோழி மெல்லச் சொன்னாள், ஏஜென்ட்டிடம் பொட்டு எங்கள் டீமின் யோசனை என்று சொல்லி, சூப்பர்வைசர் சீனியர் சூப்பர்வைசர் ஆகிவிட்டாராம்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். கையில் புதுச் சாம்பிள், பொட்டில்லாத முகம். இன்னொரு கையில் குங்குமச் சிமிழ். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாம்மா? நல்லதாப் போச்சு. மெயில் வந்த அன்னைக்கே பழைய சாம்பிள், ஸ்கிரீன் எல்லாத்தையும் அழிச்சிட்டோம். ஏஜென்ட்டுக்கு அன்னைக்கு மாதிரியே கையால வெச்ச பொட்டுதான் வேணுமாம். அத ஸ்கிரீன் எடுக்கணும். உன் கைராசி, வை பாக்கலாம்."

நான் அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

"நான் இன்னைக்குத்தான் சேந்தேன் சார். புதுசா வந்தவங்க ஆறு மாசத்துக்கு சாம்பிள்ல கை வைக்கக் கூடாது. தோ, செவுத்துல போட்டுக்கீது."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோழி குனிந்து யானைப் பனியன்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள். கம்ப்யூட்டர்காரர் சாம்பிளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சூப்பர்வைசரே விரலைக் குங்குமத்தில் தோய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தார். வாழ்நாளில் யாருக்கும் பொட்டு வைத்திராத விரல். அது இடது புருவத்தின் மேல் போய் விழுந்து, கீழே கொஞ்சம் வழிந்தது.

மறுநாள் லாட் வந்தது. அமெரிக்காவின் கொடிக்கு முன்னால், என் அம்மா, புருவத்தில் பொட்டு வழிய, தன் நாட்டை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் விரித்து, சாம்பிளைத் தொடாமல், ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. எல்லாவற்றையும் பாஸ் போட்டேன்.